1990 மாஸ்டா எம்எக்ஸ்-5, வீட்டு கராஜ்லயே டர்போ போடலாமா?

மதுரை_டு_லெஸ்டர்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க சும்மா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், மொத தடவை கேக்குறேன், கேள்வி மொக்கையா இருந்தா மன்னிச்சிருங்க. போன மாசம் ஒரு 1990 எம்எக்ஸ்-5 வாங்கிட்டேன், 1.6 இன்ஜின், செவப்பு, லைட்டு ரெண்டும் தவளைக்கண்ணு மாதிரி மேல எந்திரிக்குமே அந்த வண்டிதான். ஊர்ல ஸ்ப்ளெண்டருக்கு செயின் ஸ்ப்ராக்கெட் மாத்துனது, கார்புரேட்டர் கழட்டி மாட்டுனது, இங்க வந்து ஆயில் மாத்துனது, பிரேக் பேடு போட்டது, இவ்ளோதான் நம்ம அனுபவம்.

ஓட்டுறதுக்கு செம ஜாலியான வண்டி, ஆனா மோட்டர்வேல ஏறுறப்ப பின்னாடி வர்ற டீசல் வேன்காரன் எல்லாம் லைட்டு அடிக்கிறான். பேப்பர்ல 115 எச்பி, அதுல எத்தன குதிர இன்னும் உசிரோட இருக்குன்னு தெரியல. அதான் டர்போ (எக்ஸாஸ்ட் புகைல சுத்தி இன்ஜினுக்குள்ள காத்த அமுக்கி விடுறது) போட்டுரலாம்னு இருக்கேன், வீடியோல எல்லாம் ரெண்டு வீக்கெண்ட்ல முடிச்சிர்றாய்ங்க. ஆன்லைன்ல ஒரு கிட் பாத்து வச்சிருக்கேன், மேனிஃபோல்டு டர்போ இன்டர்கூலர் பைப்பு எல்லாம் சேத்து வருது, பிராண்ட் பேரு ஒண்ணும் இல்ல. கராஜ் வீட்டோட ஒட்டுன சிங்கிள் கராஜ், வண்டிய உள்ள விட்டா ஒரு பக்கக் கதவுதான் தொறக்கும், பாய்லரும் வாஷிங் மெஷினும் அங்கயேதான் கெடக்கு. பட்ஜெட் 2000 பவுண்டு, வீட்ல சொல்லிருக்குறது 800.

வண்டில இப்ப இருக்குற கோளாறு, காலைல ஸ்டார்ட் பண்ணா டிக் டிக்னு ஒரு சத்தம், சூடானா போயிருது. இன்ஜின் பின்பக்கம் லேசா ஆயில் கசியுது. மழை பேஞ்சா பாசஞ்சர் பக்கம் சீட்டுக்குப் பின்னாடி கார்பெட் ஈரமாயிருது. டைமிங் பெல்ட் போன வருஷம்தான் மாத்திருக்காங்க, பில்லு இருக்கு, ஆனா அதுக்கப்புறம்தான் வண்டி கொஞ்சம் டல்லு அடிக்குதுன்னு வித்தவரே சொன்னாரு. மொதல்ல எதுல கை வைக்கலாம்?

ஹாரோ_அண்ணை:

தம்பி, டர்போவை ஒருக்கா அங்கால வையுங்கோ. நீங்கள் எழுதினதில என்னைப் பயப்படுத்தினது ரெண்டு விசயம், ஒண்டு ஈரக் கார்பெட், மற்றது பாய்லர்.

இந்தக் காரில மேல் கூரைத் துணியில விழுற தண்ணி சீட்டுக்குப் பின்னால ரெண்டு மூலையிலயும் இருக்கிற ஓட்டையால இறங்கி, ஒரு ரப்பர் குழாயால பின் வீலுக்கு முன்னால வெளிய போகவேணும். முப்பது வருசத்து இலை குப்பை எல்லாம் அதுக்க அடைச்சுக்கொண்டா தண்ணி எங்க போறது, சில்லுக்கதான் போகும். (ஊரில சில்லு எண்டா வீல், இஞ்ச சில் எண்டா கதவுக்குக் கீழ ஓடுற பெட்டித் தகடு, நான் வந்த புதுசில கராஜ்காரன் சில் உக்கிப்போச்சு எண்ட நேரம் ரெண்டு டயர் வாங்கக் காசு எடுத்துக்கொண்டு போனனான்.) தகடு உள்ளுக்க இருந்துதான் துருப்பிடிக்கும், அதால வெளிய பெயின்ட் பளபளவெண்டு இருக்கும். பின் வீலுக்கு முன்னால, கதவுக்குக் கீழ, ஸ்க்ரூட்ரைவர் பிடியால மெல்லத் தட்டிப் பாருங்கோ, டங் எண்டு கேட்டா நல்லது, மொத் எண்டு கேட்டா கூர்ப் பக்கத்தால ஒருக்கா குத்திப் பாருங்கோ. குழாயைக் கம்பி விட்டுக் குத்தாதேங்கோ, ரப்பர் கிழிஞ்சா அது அடைப்பை விட மோசம், புல்லு வெட்டுற மெசினில வாற நைலோன் கயிறு விட்டா போதும்.

எம்ஓடியில (வருசா வருசம் காருக்கு நடக்கிற கட்டாய டெஸ்ட்) சீட் பெல்ட், சஸ்பென்சன் பூட்டுற இடத்தில இருந்து 30 செ.மீ.க்குள்ள தகடு பலமிழந்திருந்தா ஃபெயில்தான், ஒட்டுப் போட்டாலும் விளிம்பு முழுக்கத் தொடர்ச்சியா வெல்ட் இருக்கவேணும். என்ர முதல் கார் வாங்கேக்க அப்பழுக்கில்லாமல் இருந்தது, ஜாக்கை சில்லுக்குக் கீழ வைச்சுத் தூக்கினன், கார் எழும்பேல்ல, ஜாக் உள்ளுக்க போட்டுது. நான் அதுக்குக் கீழ இல்லாதது அம்மாளாச்சி புண்ணியம். ட்ரொலி ஜாக்கை முன்னால சப்ஃபிரேம் நடுவில, பின்னால டிஃபுக்கு (பின் வீல் ரெண்டுக்கும் பவரைப் பிரிக்கிற கியர்ப் பெட்டி) கீழ வையுங்கோ. ஸ்டாண்ட் வைச்சதுக்குப் பிறகும் கழட்டின வீல் ரெண்டையும் சில்லுக்குக் கீழ தள்ளிவிடுங்கோ, ஸ்டாண்ட் சரிஞ்சாலும் ஆள் தப்பும்.

பாய்லர் கதை இன்னும் மோசம். பெட்ரோல் ஆவி காத்தை விடப் பாரம், தரையோட தவழ்ந்து போகும். ஃப்யூல் ஃபில்டர், இன்ஜெக்டர், எந்தப் பெட்ரோல் வேலையும் கராஜுக்க வேண்டாம், வெளிய ட்ரைவ்வேயில செய்யுங்கோ, முதல்ல லைனில இருக்கிற பிரசரை இறக்குங்கோ, தீயணைக்கிற சிலிண்டர் ஒண்டு கைக்கெட்டுற தூரத்தில இருக்கட்டும்.

இந்தக் காரைச் செய்த டோஷிஹிகோ ஹிராய் எண்ட எஞ்சினியர் 'ஜின்பா இத்தாய்' எண்டு சொல்லித்தான் வேலை வாங்கினவர், குதிரையும் ஓட்டுறவனும் ஒரே உடம்பு எண்டு அர்த்தம். ஆயிரம் கிலோ கூட இல்லாத கார். நல்ல டயர், புது புஷ் (சஸ்பென்சன் மூட்டில இருக்கிற ரப்பர்), ஒழுங்கான அலைன்மென்ட், இந்த மூண்டும் போட்டா வேறை கார் மாதிரி ஓடும், அலைன்மென்ட் போல்ட் துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கும், ஒரு கிழமைக்கு முன்னமே எண்ணெய் அடிச்சு வையுங்கோ.

பிரம்மிங்ஹாம்_போல்ட்டு:

அண்ணை சில்லு பத்தி சொன்னதுல மறுபேச்சே இல்ல, ஆனா டர்போன்னாலே தப்புன்ற மாதிரி சொல்றது ஓவர் அண்ணே, வேன்காரன் லைட்டு அடிச்சா புஷ் மாத்தி என்ன பண்றது. 1991லயே பிராக்லில இருக்குற பிபிஆர் கம்பெனி இதே 1.6க்கு டர்போ போட்டு 150 எச்பி எடுத்து, மாஸ்டா டீலர்கிட்டயே வாரண்டியோட வித்தாங்க. உள்ள பிஸ்டன் ராடு எதையும் தொடாமலே இந்த இன்ஜின் அதெல்லாம் தாங்கும். ஸோ டர்போ போடலாம் பாஸ், ஆனா நீங்க சொன்ன அந்த பேரில்லாத கிட்ட மட்டும் போட்டுறாதீங்க.

ஏன்னா டர்போன்றது இரும்பு வாங்கி மாட்டுற வேலை இல்ல, பெட்ரோல் கணக்கு வேலை. இந்த வண்டில காத்த அளக்குறதுக்கு ஒரு தகடு மடங்கி தொறக்குற பழைய டைப் மீட்டர் இருக்கு, ஒரு அளவுக்கு மேல காத்து போனா தகடு ஃபுல்லா தொறந்து நின்னுடும், அதுக்கு மேல எவ்ளோ போவுதுன்னு ஈசியுவுக்கு (இன்ஜின் கம்ப்யூட்டர்) தெரியவே தெரியாது. ஸ்டாக் இன்ஜெக்டரும் பத்தாது. காத்து ஜாஸ்தி பெட்ரோல் கம்மின்னா நாக்கிங் (உள்ள பெட்ரோல் தானா வெடிக்குறது), கம்ப்ரஷன் (சிலிண்டர் காத்த நசுக்குற அளவு) ஏற்கனவே 9.4 மடங்கு, பிஸ்டன் ஓரம் பேத்துக்கும். மெகாஸ்குர்ட் மாதிரி தனி ஈசியு, பெரிய இன்ஜெக்டர், காத்து பெட்ரோல் விகிதம் அளக்குற வைட்பேண்ட் சென்சார், டைனோல (பவர் அளக்குற மெஷின்) வச்சு ட்யூனிங், இதுக்கே உங்க 2000ல பாதிக்கு மேல காலி, கிளட்ச் இன்னும் கணக்குலயே வரல. டிஃபும் 1.6ல சின்ன 6 இன்ச்சு, 1994ல 1.8 வந்தப்ப தான் 7 இன்ச்சு குடுத்தாங்க, பவர் ஏத்துனா சின்னது ஒருநாள் பல்லு உடையும்.

அப்புறம் சூடு. இந்த இன்ஜின் முன்வீல் மாஸ்டா 323ல குறுக்கால உக்காந்திருந்தது, இங்க நீளவாக்குல திருப்பி வச்சப்போ தண்ணி வெளிய வர்ற வாய முன்பக்கம் கொண்டாந்துட்டாங்க, அதனால பின்னாடி நாலாவது சிலிண்டருக்கு தண்ணி ஓட்டம் கம்மி. ஸ்டாக்கா ஓட்டுனா பிரச்சினை இல்ல, டர்போ போட்டா மொத அடி அந்த சிலிண்டருக்குத்தான், அதான் ஆளுங்க தெர்மோஸ்டாட்ட பின்பக்கம் மாத்துறாங்க.

நான் சீப் மேனிஃபோல்டு போட்டு பட்டவன். அஞ்சே வாரத்துல வெல்டு விரிசல், டர்போவ புடிச்சிருந்த ஸ்டட்டு சூட்டுல தானா லூசாகி நட்டு ஒண்ணு எம்6 மோட்டர்வேல எங்கயோ இருக்கு இப்பவும்.

உங்க மத்த கோளாறுக்கு வர்றேன். டிக் டிக் வால்வு லிஃப்டர் சத்தம், ஆயில சீக்கிரம் சீக்கிரம் மாத்துனா பெரும்பாலும் கொறையும், பயப்பட வேணாம். பின்பக்க ஆயில், கேம் ஆங்கிள் சென்சார்ல இருக்குற ஓ-ரிங் காஞ்சு கல்லாயிருக்கும், சில்லறைக் காசு பார்ட்டு, கழட்டுறதுக்கு முன்னாடி சென்சார் எந்த பொசிஷன்ல இருக்குன்னு கோடு போட்டுக்கோங்க, இல்லன்னா இக்னிஷன் டைமிங் போய்டும்.

ஆனா அந்த "பெல்ட் மாத்துனதுல இருந்து டல்லு"ன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் எனக்கு உறுத்துது. பானட்ட தொறந்து இன்ஜின் முன்னாடி கீழ கிராங்க் புல்லி பாருங்க, நடு போல்ட்ட சுத்தி வெட்டு எத்தனைன்னு எண்ணுங்க. எட்டு இருந்தா பொழச்சீங்க. நாலு இருந்தா அது ஷார்ட் நோஸ் கிராங்க், அதாவது மூக்கு மாதிரி நீட்டிருக்குற முனை குட்டையான கிராங்க்ஷாஃப்ட், 1991 வரைக்கும் வந்த வண்டில இருக்கும். பெல்ட் மாத்துறவன் அந்த போல்ட்ட சரியா டைட் பண்ணலன்னா புல்லி ஆடி ஆடி கிராங்க்ல சாவி (புல்லி நழுவாம புடிச்சிருக்குற சின்ன இரும்புத் துண்டு) உக்கார்ற பள்ளம் தேஞ்சிடும், டைமிங் நழுவும், வண்டி டல்லடிக்கும்.

கொங்குப்பொண்ணு:

நானுங்க இன்சூரன்ஸ் க்ளெய்ம்ஸ் பக்கம் வேலை பாக்குறேன், ஸ்பேனர் புடிக்கத் தெரியாது, வீட்டுக்காரர்தான் இந்த குரூப்பைப் படிக்கறவரு. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போறேங்க. டர்போ மட்டும் இல்லீங்க, வீல் மாத்துனாலும் எக்ஸாஸ்ட் மாத்துனாலும் மாட்டறதுக்கு முன்னாடியே இன்சூரன்ஸ்காரங்ககிட்டச் சொல்லிருங்க. கவனக்குறைவா சொல்லாம விட்டா 2012 சட்டப்படி க்ளெய்ம் தொகையைக் கொறைக்கலாம், தெரிஞ்சே மறைச்சீங்கன்னு ஆச்சுன்னா மொத்தமாவே இல்லைன்னுருவாங்க. மாடிஃபைடு காருக்குன்னே புரோக்கருங்க இருக்காங்க, மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதி வாங்கிக்குங்க, இல்லாட்டி அடிபட்டா பழைய காருன்னு ஒரு ரேட்டுப் போடுவாங்க.

எமிஷன் பத்தி வீட்டுக்காரர் சொல்லச் சொன்னாரு, 1986 ஆகஸ்டுல இருந்து 1992 ஜூலைக்குள்ள ரோட்டுக்கு வந்த பெட்ரோல் காருக்கு எம்ஓடியில கேட்டலிஸ்ட் டெஸ்ட் இல்லீங்களாம், புகையில சிஓ (கார்பன் மோனாக்சைடு) 3.5 சதவீதத்துக்குள்ளயும், ஹெச்சி (எரியாத பெட்ரோல்) 1200 பிபிஎம்முக்குள்ளயும் இருந்தாப் போதுமாம்.

அப்பறம் அந்த 800 பவுண்டு கதையையும் வீட்ல டிக்ளேர் பண்ணிருங்க தம்பி, அங்க க்ளெய்ம் ரிஜெக்ட் ஆனா மேல்முறையீடு கெடையாது.

மதுரை_டு_லெஸ்டர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அக்கா சொன்னத நைட்டே டிக்ளேர் பண்ணிட்டேன், ரெண்டு நாளா சோறு மட்டும்தான் கெடைக்குது பேச்சு இல்ல.

இன்னைக்கு காலைல மழை இல்ல, வண்டிய வெளிய நிறுத்திட்டு பாத்தேன். டிரைவர் பக்கம் சில்லு டங். பாசஞ்சர் பக்கம் மொத். குத்துனேன், ஸ்க்ரூட்ரைவர் பிடி வரைக்கும் உள்ள போயிருச்சு, எடுத்தா செவப்பா தண்ணி ஒழுகுது, வண்டிக்கு ரத்தம் வர்ற மாதிரி இருந்துச்சு சத்தியமா. நைலான் கயிறு விட்டதுல குழாய்க்குள்ள இருந்து ஒரு கைப்பிடி மக்குன இலை வந்துச்சு.

புல்லி வெட்டு எண்ணுனேன். நாலு. மறுபடியும் எண்ணுனேன், நாலேதான். பக்கத்து வீட்டுக்காரர ஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டு பாத்தா, புல்லி நேரா சுத்தல, பம்பரம் சாயுறதுக்கு முன்னாடி ஆடுமே அந்த மாதிரி ஆடுது. உடனே ஆஃப் பண்ணச் சொல்லிட்டேன். இப்ப வண்டிய ஓட்டலாமா கூடாதா? இன்ஜின் போச்சா? கிட்ட இன்னும் ஆர்டர் போடல, கார்ட்லதான் கெடக்கு.

பிரம்மிங்ஹாம்_போல்ட்டு:

ஓட்டாதீங்க, ஸ்டார்ட்டும் பண்ணாதீங்க. அந்த கார்ட்ட காலி பண்ணுங்க மொதல்ல. இந்த இன்ஜின்ல டைமிங் நழுவுனாலும் வால்வும் பிஸ்டனும் முட்டிக்காது, அதனால தலை தப்பிச்சிருக்கும். புல்லிய கழட்டி கிராங்க் மூக்க பாருங்க. பள்ளம் லேசா தேஞ்சிருந்தா புது சாவி, புது போல்ட்டு, லாக்டைட் 660ன்ற பசை போட்டு உக்கார வச்சு ஒருநாள் காய விட்டா வருஷக்கணக்குல ஓடுற வண்டி இருக்கு. டார்க் (போல்ட்ட எவ்ளோ டைட் பண்ணணும்ற அளவு) மேனுவல்ல ஷார்ட் நோஸுக்குன்னு தனியா போட்டிருக்கும், பெரிய மூக்குக்கு உள்ளத போட்டுறாதீங்க, அது ஜாஸ்தி. ரொம்ப தேஞ்சிருந்தா ஒட்டி டைம் வேஸ்ட் பண்ணாம 1994க்கு மேல வந்த 1.8 ஒண்ணு தேடலாம், 130 எச்பி பக்கம், அதே மவுண்ட்ல உக்காரும், வேன்காரன் பிரச்சினையும் பாதி தீரும். எப்படி பாத்தாலும் இந்த கிராங்க்ல டர்போ கிடையாது.

ஹாரோ_அண்ணை:

சில்லுத் தகடு வாங்கி வையுங்கோ, உள் தகடு வெளித் தகடு ரெண்டும், வெளியில மட்டும் ஒட்டுப் போடுறவனிட்டக் குடுக்காதேங்கோ. வாற ஞாயிற்றுக்கிழமை நான் நோர்த்தாம்ப்டன் பக்கம் ஒரு கலியாணத்துக்கு வாறன், பின்னேரம் உங்கட வீட்ட வரலாம், மிக் வெல்டர் காரில போட்டுக்கொண்டு வாறன், கார்பெட்டையும் சீட்டையும் முதலே கழட்டி வெளிய எடுத்துவிடுங்கோ, பட்டறி வயரையும் கழட்டுங்கோ. கார் ட்ரைவ்வேயிலயே நிக்கட்டும், கராஜுக்க ஏத்தவேண்டாம்.

மதுரை_டு_லெஸ்டர்:

அண்ணே வாங்க, சாப்பாட்டுக்கு நான் பொறுப்பு. வீட்ல இன்னும் பேசல, அதனால சமையலும் நான்தான், கறிக்கொழம்பு சுமாரா வரும்.