ஃபியோர்ட் குதிரை வாங்க ஆலோசனை தேவை

வணக்கம். மேற்கு நோர்வேயில் இருக்கிறோம். சவாரிக்கும் வண்டிலுக்கும் ஒரே குதிரையாக ஃபியோர்ட் இனத்தில் வாங்க ஆசை. பார்த்து வைத்திருப்பது நான்கு வயதுப் பெண் குதிரை. உயரம் 142 செ.மீ., முதுகில் கருங்கோடு. சவாரிக்குப் பழகிவிட்டது, வண்டிலில் இன்னும் பூட்டவில்லை.

நீண்ட வாரைப் பிடித்துப் பின்னால் நடந்து பழக்கி, அப்புறம் பழைய டயரை இழுக்க விட்டு, சத்தத்துக்கு மிரளாத பிறகுதான் வண்டில் என்று நினைத்திருக்கிறேன். இந்த வரிசை சரியா? கழுத்து தடித்த இனம் என்பதால், வண்டில் இழுக்கக் கழுத்து வளையம் இல்லாமல் நெஞ்சுப்பட்டை மட்டும் போதுமா?

இந்த இனம் கொஞ்சப் புல்லிலேயே கொழுத்துவிடும், குளம்பில் அழற்சி வரும் என்பதுதான் பெரிய கவலை. வசந்தகாலத்தில் மேய்ச்சலை எப்படிக் கட்டுப்படுத்துகிறீர்கள்? வாங்குமுன் மிருக வைத்தியரிடம் எதை முக்கியமாகப் பார்க்கச் சொல்ல வேண்டும்? பழக்கியவர்கள் சொல்லுங்கள். மிகவும் சாதுவான குதிரை, அவசரப்பட்டு மிரள வைக்க மனமில்லை.