படகு எஞ்சினை வீட்டிலேயே தூக்கி இறக்க ஆலோசனை வேண்டும்

குழுவிலுள்ள பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் சிறிய ஃபைபர் படகின் 9.9 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்புறம் வெளியே மாட்டுவது) ஏறக்குறைய 40 கிலோ இருக்கும். படகை வீட்டு முற்றத்திற்கு இழுத்துவந்து, எஞ்சினைக் கழற்றிக் கழுவிச் சரிபார்த்து, மீண்டும் பின்பலகையில் மாட்டும் வேலையை இதுவரை தம்பியும் நானும் கையாலேயே செய்துவந்தோம். சென்ற வாரம் அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால், இனி ஒருவரே செய்யும்படி ஓர் ஏற்பாடு தேவைப்படுகிறது.

முன்கட்டின் ஊஞ்சல் கொக்கியில் சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் அரை டன் செயின் பிளாக்கைத் தொங்கவிடலாம் என்கிறார் மாமா. நான்கு பேர் ஆடிய கொக்கிதான் என்றாலும், 30 ஆண்டுக் கடற்காற்றில் துருவேறிய அந்தக் கம்பியை நம்ப எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக இரும்புக் குழாய்களால் முக்காலி அமைத்து, கால்கள் விரியாதபடி அடியில் சங்கிலியால் பிணைக்க எண்ணுகிறேன். இதற்கு எத்தனை அங்குலக் குழாய், எந்தக் கனத்தில் வாங்க வேண்டும்? மேல்மூடியைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்பது தெரியும்; தூக்குப் பட்டையை எங்கே மாட்டினால் எஞ்சின் ஒரு பக்கம் சாயாமல் நேராக எழும்பும்?

தவறான பக்கம் படுக்கவைத்தால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும் என்பதால், நிமிர்த்தியே வைக்கச் சக்கரத் தாங்கி செய்தவர்கள் அதன் அளவுகளையும் படத்தையும் பகிர்ந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.