மருந்தாக வந்த விலங்குகள்: நேரில் கண்டவை

மருந்தியல் படித்த காலத்தில், இயற்கை மருந்துப் பொருள்களை அடையாளம் காணும் செய்முறை வகுப்பில், பழுப்பும் சாம்பலும் கலந்த ஒரு தூளை நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார்கள். மங்கிய அந்தத் தூளுக்குள் ஆங்காங்கே பச்சைத் துகள்கள் உலோகம்போல் மின்னின. அது உலர்த்தி இடித்த கேந்தாரிடிஸ் வண்டு. இடித்த பின்னும் இறக்கை உறையின் பளபளப்பு போகாது என்பதால், அந்த மினுமினுப்பைக் கொண்டே தூளை இனங்காணலாம் என்றார் ஆசிரியர். இதைச் சேர்த்த பற்றைத் தோலில் ஒட்டினால் கொப்புளம் எழும்பும். உடலில் தேங்கிய கெட்ட நீர் அவ்வழியே வெளியேறும் என்று நம்பி, ஐரோப்பிய மருத்துவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் நோயாளிகளுக்கு இதைப் போட்டார்கள். உள்ளுக்குக் கொடுத்தபோது சிறுநீரகம் கெட்டு உயிர் போனதும் உண்டு. 1810-இல் பிரெஞ்சு வேதியியலர் பியேர் ரொபிக்கே, கொப்புளம் எழுப்பும் பொருளான கேந்தாரிடினை வண்டிலிருந்து தனியே பிரித்தெடுத்தார். அதே பொருள் இன்றும் சிலவகை மருக்களுக்கு மருத்துவரின் கையால், அளவறிந்து தடவப்படுகிறது.

பெசோவார் கல்லுக்கு அந்த வாழ்வு கிட்டவில்லை. ஆட்டின் இரைப்பையில் உருவாகும் அந்தக் கல் எல்லா நஞ்சையும் முறிக்கும் என்று அரசர்களே நம்பினார்கள். 16-ஆம் நூற்றாண்டில் மரண தண்டனை பெற்ற சமையற்காரர் ஒருவர் நஞ்சோடு கல்லையும் விழுங்கச் சம்மதித்தார். பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே பார்த்திருக்க, அந்தச் சமையற்காரர் சில மணி நேரம் துடித்து இறந்தார். மருந்தை இப்படிச் சோதித்தது கொடுமை என்றே நான் கருதுகிறேன்.

மற்றொருவரின் அனுபவம்:

விலங்கிலிருந்து எடுத்த மருந்து எங்கள் வீட்டில் வெறும் வரலாறாக இருக்கவில்லை. மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினைத்தான் என் தந்தை பல ஆண்டுகள் போட்டுக்கொண்டார். ஊசி ஏறிய இடங்களில் தோலடிக் கொழுப்பு கரைந்து, தொடையில் விரல் நுனி அமரும் அளவுக்குக் குழிகள் விழுந்திருந்தன. ஆயினும் 1922-இல் டொரோண்டோவில் முதல் நோயாளிக்கு ஏற்றப்பட்டது முதல் எத்தனையோ பேரை வாழவைத்தது அந்த இன்சுலின்தான். ஏறத்தாழ கால் கிலோ இன்சுலினுக்கு இரண்டு டன் கணையம் வேண்டியிருந்தது. நுண்ணுயிரியைக் கொண்டு தயாரித்த மனித இன்சுலினுக்கு அமெரிக்காவில் 1982-இல் ஒப்புதல் கிடைத்தது.

பிறகு ஓர் அறுவை சிகிச்சையின்போது என் தந்தைக்கு, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் கொடுத்தார்கள். அது பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுவது என்பதை நாங்களாகக் கேட்ட பிறகே சொன்னார்கள். உயிர்காக்கும் மருந்து என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் கேட்காமலே சொல்லியிருக்க வேண்டும்.