சையித் குதுப்: விமர்சகரும் சித்தாந்தியும்

கேள்வி:
1964-இல் 'மைல்கற்கள்' என்ற இஸ்லாமிய அரசியல் நூலை வெளியிட்ட எகிப்தியச் சிந்தனையாளர் சையித் குதுபும், 1940-களில் கெய்ரோவின் 'அர்ரிஸாலா' இதழில் கவிதையையும் புதினத்தையும் பற்றி எழுதிவந்த விமர்சகரும் ஒருவரே என்பதை அண்மையில்தான் அறிந்தேன். இலக்கியத்தை உதறிவிட்டுத்தான் அவர் இஸ்லாமிய அரசியல் சிந்தனைக்கு வந்தாரா?

மறுமொழி 1:
உதறினார் என்பது பாதி உண்மைதான். எகிப்தியக் கவிஞரும் விமர்சகருமான அப்பாஸ் மஹ்மூத் அல்அக்காதின் சீடராக வளர்ந்து, ஆசிரியருக்காக, அவருடைய இலக்கிய எதிராளியான எழுத்தாளர் அர்ராஃபிஈயின் ஆதரவாளர்களோடு 1938-இல் கடுமையாக மோதிய குதுப், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற புதின ஆசிரியர் நஜீப் மஹ்ஃபூஸ் பரவலாக அறியப்படாத நாளிலேயே அவருடைய புதினங்களைப் பாராட்டி எழுதினார். 1946-இல் வெளிவந்த தம் இளமைக்கால நினைவுகளைத் எகிப்திய எழுத்தாளர் தாஹா ஹுசைனுக்குக் காணிக்கையாக்கினார். ஆனால் 1945-இல் வந்த 'குர்ஆனில் கலைச்சித்திரிப்பு' நூலைப் பாருங்கள். அதில் அவர் சட்டத்தையோ ஆட்சியையோ தேடவில்லை. வசனங்களின் காட்சியையும் ஒலிநயத்தையும் உணர்ச்சியின் ஓட்டத்தையும் ஒரு கவிதை விமர்சகரின் காதோடு கேட்கிறார். பிற்காலத்துக் குர்ஆன் விரிவுரையான 'குர்ஆனின் நிழலில்' ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் தனி ஆளுமை உண்டு என்று அவர் கூறுவதில் அதே காதுதான் கேட்கிறது.

மறுமொழி 2:
நண்பர் சொல்லும் தொடர்ச்சியை ஏற்கிறேன். ஆயினும் அது வாசிப்பு முறையின் தொடர்ச்சியே தவிர, கொள்கையின் தொடர்ச்சியன்று. அமெரிக்கா சென்றதால்தான் மாறினார் என்ற பழகிப்போன கதையும் பொருந்தவில்லை, ஏனெனில் 1949-இல் வெளியான 'இஸ்லாத்தில் சமூக நீதி' 1948-இல் அவர் கப்பலேறுவதற்கு முன்பே எழுதப்பட்டது. எகிப்தின் இஸ்லாமிய இயக்கமான முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பில் 1953 வாக்கில் சேர்ந்ததும், 1954 முதல் பத்தாண்டு சிறையில் கழிந்ததும், இந்தியத் துணைக்கண்டத்து இஸ்லாமியச் சிந்தனையாளர் மௌதூதியின் எழுத்துகளை அரபு மொழிபெயர்ப்பில் படித்ததும் சேர்ந்தே 'ஜாஹிலிய்யா' (அறியாமை) என்ற சொல்லுக்கு அவரிடம் அந்தக் கடுமையைக் கொடுத்தன. இஸ்லாத்துக்கு முந்தைய அரபுக் காலத்தைக் குறித்த அச்சொல்லை அவர் தம் காலத்துச் சமூகங்கள் அனைத்தின் மீதும் சுமத்தினார். அழகியலிலிருந்து அதற்கு நேர்வழி ஏதும் இல்லை.

மறுமொழி 3:
குதுப் 1966 ஆகஸ்டில் தூக்கிலிடப்பட்ட பிறகு, மஹ்ஃபூஸ் 1972-இல் 'கண்ணாடிகள்' நூலில் அப்துல் வஹ்ஹாப் இஸ்மாயீல் என்ற பாத்திரத்தை அவர் சாயலில் படைத்தார். தம்மை முதலில் அடையாளம் கண்ட விமர்சகரை நன்றியோடு மட்டும் நினைக்காமல், ஒருவித அச்சத்தோடும் விலகலோடும் அவர் வரைந்திருப்பதை, கேள்வி கேட்டவர் அவசியம் படித்துப் பார்க்க வேண்டும்.