யாளித் தூண் முப்பரிமாணப் பதிவு: வாய்ப்பகுதி ஓட்டையாக வருகிறது

வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களை வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் குழுவோடு சேர்ந்து பதிவுசெய்யத் திட்டம். பல கோணப் படங்களை மென்பொருளில் இணைத்து முப்பரிமாண உருவம் ஆக்குகிறோம்; சோதனை உருவத்தில் யாளியின் வாய் மட்டும் ஓட்டை. ஏன்?

பதில் 1: அடுத்தடுத்த படங்கள் 70–80% ஒன்றன்மேல் ஒன்று படியணும். முழங்கால், மார்பு, தலைக்கு மேல் என மூன்று உயரத்தில் சுற்றுங்க. வாய்க்குள் சாய்கோணத்தில் தனியாக 20, 30 படம். ஜூமைத் தொடவே கூடாது.

பதில் 2: எண்ணெய் ஏறி, கை பட்டு வழவழத்த கருங்கல் பளபளக்கும். அந்தப் பளபளப்பு கோணத்துக்குக் கோணம் இடம் மாறுவதால் மென்பொருள் குழம்புது. ஃபிளாஷிலும் லென்ஸிலும் போலரைசர் (பளபளப்பை வடிகட்டும் கண்ணாடி) மாட்டி, ஒன்றுக்கொன்று 90 டிகிரி குறுக்காகத் திருப்புங்க. பளபளப்பை மறைக்கப் பவுடர் தூவுற வேலையெல்லாம் வேண்டாம்.

பதில் 3: தொல்லியல் துறை இடம், ட்ரைபாடுக்கே அனுமதி வாங்கணும். ரா கோப்புகளோடு (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலப் படங்கள்) அளவுகோல் வைத்த படங்களையும் அனுப்புங்க. இல்லாட்டி தூண் ஒன்பதடியா தொண்ணூறடியா என்று வெளிநாட்டில் இருக்கும் குழுவுக்குத் தெரியாது.