கனோபி குரோத் எப்படி அவ்வளவு வேகமாக வளர்ந்தது?

நிலவன்: கனடாவில் கஞ்சா பங்கு என்றாலே இந்தப் பெயர்தான் அடிபட்டது. என்ன கதை?

ஒட்டாவா வாசி: ஸ்மித்ஸ் ஃபால்ஸ் எனக்குப் பக்கத்து ஊர். மூடிக் கிடந்த ஹெர்ஷி சாக்லேட் ஆலையில், 2013-இல் தொடங்கிய ட்வீட் நிறுவனம் மருத்துவக் கஞ்சா வளர்த்தது. 2014-இல் பங்குச்சந்தைக்கு வந்தது. 2015-இல் பெட்ரோகான் கனடா என்ற இன்னொரு மருத்துவக் கஞ்சா நிறுவனத்தை வாங்கியது, பெயரும் கனோபி ஆனது. அப்புறம்தான் பெரிய பணம்: அமெரிக்காவில் கொரோனா பீர் விற்கும் கான்ஸ்டலேஷன் 2018-இல் 500 கோடி கனடா டாலர் போட்டது. பசுமைக்கூடங்களை ஏற்கெனவே பெருக்கியிருந்தார்கள்; கையில் காசு வந்ததும் வேறு நிறுவனங்களையும் வாங்கிக் குவித்தார்கள். என்னைக் கேட்டால், அது வளர்ச்சி இல்லை, வீக்கம்.

நிலவன்: 2018 அக்டோபரில் மருந்தாக மட்டுமில்லாமல் பொழுதுபோக்குக் கஞ்சாவும் சட்டபூர்வமானதே, விற்பனை ஏறவில்லையா?

ஒட்டாவா வாசி: ஏறியது, ஆனால் கட்டிய அளவுக்கு இல்லை. ஒன்டாரியோவில் முதல் தனியார் கடைகளே 2019 ஏப்ரலில்தான் திறந்தன. 2020-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சுமார் 30 லட்சம் சதுர அடிப் பசுமைக்கூடங்களை மூடினார்கள். 2023-இல் அந்த ஆலையும் ஹெர்ஷி கைக்கே போய்விட்டது.

செல்வி: இணை நிறுவனர் புரூஸ் லிண்டனை 2019-லேயே வெளியே அனுப்பிவிட்டார்களே, அதைச் சொல்லுங்கள்.

நிலவன்: சரி, இப்போது பங்கு மலிவுதானே, வாங்கலாமா?

ஒட்டாவா வாசி: விலை அவ்வளவு விழுந்து, 2023 டிசம்பரில் 10 பங்கை 1 ஆகச் சுருக்கிய நிறுவனம். நான் தொடமாட்டேன்.