இடுமருந்து எடுக்கிற இடத்துக்குச் சித்தியைக் கூட்டிப் போகலாமா?

வைகைக்கரை:

சித்திக்கு 42 வயது. சில மாதங்களாகப் பசியே இல்லை, ஆள் மெலிந்துவிட்டார். சாயங்காலமானால் உடம்பு கணகணவென்று சுடுகிறது. வயிற்றில் ஏதோ உருண்டை நிற்கிற மாதிரி இருக்கிறதாம். யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று பாட்டி உறுதியாக நம்புகிறார். மருந்து எடுப்பவர்களில் ஒருவர் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, முடியும் பிசினுமாக ஒரு உருண்டையைத் தட்டில் துப்பிக் காட்டுகிறார். இன்னொருவர் எதையோ குடிக்கக் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிறார். இரண்டு இடத்துக்கும் போய்வந்தவர்கள் அதன்பிறகு நன்றாகச் சாப்பிடுகிறார்கள். இதில் உண்மை இருக்கிறதா? ஒருமுறை போய்வந்தால் கெடுதல் உண்டா? இரண்டுக்கும் நேர்பதில் வேண்டும்.

கைவித்தை:

முதலில் குழல். தோலில் துளை இல்லாமல் இரைப்பையில் இருக்கும் பொருள் வெளியே வராது. நடுவில் தோல், கொழுப்பு, தசை, வயிற்றறை உறை, அதற்குப் பிறகுதான் இரைப்பைச் சுவர். ஆகவே உருண்டை வந்தது உறிஞ்சியவர் வாயிலிருந்து. முடி, மெழுகு, பஞ்சு, பிசின் சேர்த்து உருட்டினால் சுண்டைக்காய் அளவுக்குள் அடங்கும், கடைவாய்க்கும் கன்னத்துக்கும் நடுவே ஒளித்து வைக்கலாம். வாய் கொப்பளித்துக் காட்டுவார்கள், வாயைத் திறந்தும் காட்டுவார்கள். அதற்கு அடுத்த நொடியைக் கவனியுங்கள்: துண்டால் வாயைத் துடைப்பார், வெற்றிலை போடுவார், அல்லது குழலை எடுக்கக் குனிவார். உருண்டை வாய்க்குள் போவது அப்போதுதான். துண்டும் வெற்றிலையும் இல்லாமல், நீங்கள் கொண்டுபோன குழலில், வாய் கொப்பளித்த கையோடு உறிஞ்சச் சொல்லுங்கள். ‘இன்றைக்கு நாள் சரியில்லை’ என்றுதான் பதில் வரும்.

வாந்தி எடுக்க வைக்கும் இடத்தில் மறைவித்தைகூடத் தேவையில்லை. கொடுக்கிற கலவையில் பெரும்பாலும் பால், நெய், முட்டை வெள்ளைக்கரு என்று ஏதாவது இருக்கும், கூடவே குமட்ட வைக்கும் ஒரு மூலிகைச் சாறு. இரைப்பை அமிலம் பட்டதும் பால் திரிந்து கட்டியாகும். அதோடு கோழையும் மஞ்சள் பச்சையாகப் பித்தநீரும் சேர்ந்து வந்தால் பார்க்கவே பயங்கரமாக இருக்கும். அதே கலவையில் அரை டம்ளர் வாங்கி வந்து, வெதுவெதுப்பாக்கி, ஒரு எலுமிச்சம்பழச் சாற்றைப் பிழிந்துவிட்டுச் சில நிமிடம் பாருங்கள். பால் இருந்தால் ‘மருந்து’ டம்ளரிலேயே திரண்டு நிற்கும்.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன், அங்கே போனால் ஒன்று விடாமல் பார்ப்பீர்கள். எலுமிச்சையை அறுத்தால் ரத்தம்: கத்தியில் செம்பருத்திப் பூவைத் தேய்த்துக் காயவைத்திருப்பார்கள், புளிப்பு பட்டதும் சிவக்கும். ஆரத்தித் தண்ணீர் சிவப்பது மஞ்சளும் சுண்ணாம்பும், அது எல்லார் வீட்டிலும் தெரிந்ததுதான். தேங்காய்க்குள் முடியோ பூவோ இருந்தால் குடுமிக்கு அடியில் இருக்கும் கண் வழியாக நுழைத்தது. குடுமியை மேலே இழுத்துவிட்டால் துளை தெரியாது. முட்டைக்குள் ஊசி இருந்தால் மொட்டை முனையில், காற்றறை இருக்கும் பக்கம், மெழுகு அடைத்த சிறு துளை இருக்கும். உடைக்கும் முன் டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓமகுண்டம் தானாகப் பற்றுவது பொட்டாசியம் பெர்மாங்கனேட் தூளில் விழும் கிளிசரின் சொட்டு. அது பற்ற அரை நிமிடம் வரை ஆகலாம், மந்திரம் நீள்வது அதற்காகத்தான். இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், ஏமாற்ற வழியில்லாத சூழலில் இப்படி ஓர் அற்புதத்தைச் செய்துகாட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அறிவித்திருந்தார். 1978-இல் அவர் இறக்கும்வரை யாரும் அதை வாங்கவில்லை.

மருதாணி:

தம்பி, நான் நோயின் பக்கத்தைச் சொல்கிறேன். மாலைக் காய்ச்சல், எடை குறைவு, பசியின்மை மூன்றும் சேர்ந்தால் முதலில் விலக்க வேண்டியது காசநோய். இருமலே இல்லாவிட்டாலும் விலக்கித்தான் ஆக வேண்டும், குடலிலும் வயிற்றறையிலும் காசநோய் வரும். அடுத்து சர்க்கரை, தைராய்டு மிகுதி, இரைப்பைப் புண், புற்றுநோய், மனச்சோர்வு. அரசு மருத்துவமனையில் ரத்த அணுக்கள், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈஎஸ்ஆர், சர்க்கரை, தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், ஹெச்ஐவி, கல்லீரல் சிறுநீரகப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் கேளுங்கள். உருண்டை நிற்கிற உணர்வு விடாமல் இருந்தால் எண்டோஸ்கோப்பி.

உண்மையிலேயே வயிற்றில் முடி உருண்டை இருப்பவர்கள் உண்டு. தன் முடியைத் தானே பிய்த்துத் தின்னும் பழக்கம் உள்ளவர்களுக்கு, பெரும்பாலும் இளம்பெண்களுக்கு, அது வரும். வருடக்கணக்கில் சேர்ந்து இரைப்பையையே அடைத்துக்கொள்ளும், வாந்தியில் வராது, பெரும்பாலும் அறுவை சிகிச்சை வேண்டும். மற்றபடி சாப்பிட்ட உணவு நாலைந்து மணி நேரத்தில் இரைப்பையை விட்டு இறங்கிவிடுகிறது. இரைப்பையின் உள்படலம் சில நாளுக்கு ஒருமுறை புதிதாகிறது. எப்போதோ சோற்றில் கலந்த ஒரு துளி மாதக்கணக்கில் அங்கே ஒட்டிக்கொண்டிருக்க இடமே இல்லை.

பிறகு ஏன் பசி எடுக்கிறது? மருந்து எடுத்தவர் பத்தியம் சொல்வார்: 48 நாள் கறி, புளி, காரம், சாராயம் கூடாது. இரைப்பை அழற்சி உள்ளவருக்கு இதுவே பாதி சிகிச்சை. நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் இப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறோம், தானாகத் தணிகிற நோய் அதன்பிறகு தணியத்தான் செய்யும். யாரும் கவனிக்காமல் விட்ட பெண்ணுக்காக வீடே கூடி நிற்பதும் பெரிய மருந்து.

‘ஒருமுறை போய்வந்தால் என்ன’ என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம். வாந்தி மூச்சுக்குழலில் இறங்கினால் நிமோனியா. விடாமல் ஓங்கரித்தால் உணவுக்குழலின் அடியில் கிழிந்து ரத்தம் வரும். ஏற்கெனவே சாப்பிடாமல் இளைத்தவருக்குப் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். இதைவிடப் பெரிய ஆபத்து, ‘இங்கிலீஷ் மருந்தை நிறுத்து’ என்கிற வார்த்தை. வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம். இன்சுலினை நம்பியிருக்கும் பிள்ளைக்கு அதை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து. காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும்.

வைகைக்கரை:

நன்றி அண்ணா, அக்கா. இரண்டு சந்தேகம் மிச்சம். சோற்றில் எதையுமே வைக்க முடியாதா? பேய் பிடித்தவர்கள் கோயிலிலும் தர்காவிலும் தங்கிக் குணமாகிறார்கள் என்று பாட்டி சொல்வதும் பொய்யா?

மருதாணி:

வைக்க முடியும். அதற்கு மந்திரம் தேவையில்லை. ஊமத்தை விதை கலந்தால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வாய் வறண்டு, கண்மணி விரிந்து, ஆள் பிதற்ற ஆரம்பிப்பார். உடனே மருத்துவமனை. பாஷாணம், அதாவது ஆர்சனிக், சிறிது சிறிதாகப் போனால் கை கால் எரிச்சல், தோல் கறுப்பு, நகத்தில் வெள்ளைக் கோடு. சிறுநீர்ப் பரிசோதனையில் பிடிபடும். கணவன் மனம் மாற வேண்டும் என்று வசிய மருந்து வாங்கிக் கலப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பொட்டலத்தில் பாதரசமோ பாஷாணமோ ஊமத்தையோ இருந்தால், பாசத்தில் கொடுத்தாலும் அது விஷம்தான்.

பேய் பிடித்ததாகச் சொல்லப்படுவதில் மன அழுத்தத்தால் தன்னை மறந்து ஆடுவதே நிறைய. ஆனால் சில நேரம் அது மூளையின் நோய். பிரசவமாகி இரண்டு வாரத்துக்குள் திடீரென்று புத்தி மாறினால் அவசர சிகிச்சை வேண்டும். இளம்பெண் திடீரென்று அலறி, பேச்சிழந்து, வாயும் கையும் விசித்திரமாக அசைந்து, வலிப்பும் வந்தால், உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்கும் ஒரு அழற்சியாக இருக்கலாம். நரம்பியல் மருத்துவர் ஜோசப் டால்மாவ் குழு 2007-இல் அதை அடையாளம் கண்டது. சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள், வேப்பிலை அடியில் போகிற ஒவ்வொரு வாரமும் நஷ்டம்.

பிரான்மலை:

கோயில் விஷயத்தில் உங்கள் பாட்டி சொல்வதைத் தள்ளிவிட முடியாது. தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய மனநோயாளிகள் 31 பேரை ஆராய்ந்து 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள், மருந்து கிடையாது, நோய்க்குறி அளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அங்கே சங்கிலி இல்லை, அடி இல்லை. உறவினர் ஒருவர் கூடவே தங்கினார், சின்னச் சின்ன வேலை கொடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவை வைக்காத சிறிய ஆய்வு, அதனால் கோயிலே குணமாக்கியது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அன்பாக வைத்துக்கொள்ளும் இடத்தில் மனிதர் தேறுகிறார் என்பதற்கு நல்ல சாட்சி.

இதன் மறுபக்கம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தர்காவை ஒட்டியிருந்த தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள், 28 பேர் இறந்தார்கள். இப்போது அதே தர்காவில் பிரார்த்தனையோடு மனநல மருத்துவமும் கிடைக்கிறது. இந்த ஏற்பாட்டை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். கும்பிட வேண்டும் என்பவரைத் தடுக்காமலே மாத்திரையும் கொடுக்க முடிகிறது.

ஆகவே எந்த இடமானாலும் இதை மட்டும் பாருங்கள். கட்டுகிறார்களா, அடிக்கிறார்களா, பட்டினி போடுகிறார்களா, மிளகாய்ப் புகை பிடிக்கிறார்களா, பெண்ணைத் தனி அறைக்கு அழைக்கிறார்களா, மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்களா, ‘வைத்தது இன்னார்’ என்று ஆளைக் காட்டுகிறார்களா. ஒன்று இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். கடைசியாகச் சொன்னதை லேசாக எடுக்காதீர்கள். பெரும்பாலும் மருமகளையோ தனியாக இருக்கும் விதவையையோதான் காட்டுவார்கள், அந்தப் பெண் அந்த ஊரில் பிறகு நிம்மதியாக வாழவே முடியாது. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு தடை செய்கிறது. தாயத்து, மந்திரம் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டு மருந்து, மந்திர நிவாரண விளம்பரச் சட்டப்படியே குற்றம். மனநலம் பற்றிப் பேச 14416, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

மருதாணி:

பாட்டியோடு சண்டை போடாதே தம்பி. ‘முதலில் பரிசோதனை, முடிவு வந்த பிறகு கோயிலுக்குப் போவோம்’ என்று சொல், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். சித்திக்குச் சளி இருந்தால் காசநோய்ப் பரிசோதனைக்கு அதைச் சரியாக எடுப்பது முக்கியம். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். வெளியே காற்றோட்டமான இடத்தில் நின்று, இரண்டு மூன்று முறை ஆழ்ந்து மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமித் துப்பச் சொல். 2 முதல் 5 மில்லி வேண்டும், எச்சில் உதவாது. டப்பாவை இறுக்கி மூடி அன்றைக்கே கொடுத்துவிடு. காசநோய் என்று வந்தால் மாத்திரை அரசில் இலவசம், வழக்கமாக ஆறு மாதம். சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும், பதிவு செய்யும்போதே பாஸ்புக் நகலைக் கொண்டுபோ.